சாரல் அடித்த பக்கம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும். மாவு மில் நடத்துகிறவளுக்குக் கோபம் வராமல் வேறு யாருக்கு வரும்? காலையில் கதவைத் திறந்தால் மோட்டார் சத்தம், பெல்ட் சத்தம், அதற்கு மேல் எனக்கு முதலில் எனக்கு முதலில் என்று வரிசையில் நிற்கிறவர்களின் சத்தம். இதற்கு நடுவே மெல்லப் பேசினால் யார் காதில் விழும்? கத்திக் கத்தியே பழகிவிட்டது. வாயாடி, சண்டைக்காரி என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள், போகட்டும். ஆனால் திருடி என்று என்னைச் சொன்னது ஒரே ஆள்தான். அவன் என் கூடப்பிறந்த தம்பி.

என் முதுகில் உப்புமூட்டை ஏறி வளர்ந்தவன். இப்போது பக்கத்து வீட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். இரண்டு வீட்டுக்கும் நடுவே என் மில்லின் சுவர் மட்டும்தான். அவன் இருமினால் எனக்குக் கேட்கும், நான் தும்மினால் அவனுக்குக் கேட்கும். ஆனாலும் முகம் பார்த்துப் பேசிப் பல வருஷம் ஆகிறது. அவன் வீட்டுத் தானியத்தைத் தகர டின்னில் போட்டு சைக்கிளில் கட்டிக்கொண்டு, என் மில் வாசலைத் தாண்டி, மார்க்கெட் மில்லுக்குப் போவான். பேசாமல் போனாலும் பரவாயில்லை. என் வாசலுக்கு நேராக வரும்போது மட்டும் சைக்கிள் மணியை அடித்துவிட்டுப் போவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இத்தனைக்கும் காரணம் இரண்டு முழம் இடம்.

ஆறு பெருகி எங்கள் பழைய குடிசைகளை வாரிக்கொண்டு போனபோது, மலையடிவாரத்தில் சும்மா கிடந்த புறம்போக்கை அரசாங்கம் ஏழு மனையாகப் பிரித்து ஏழு குடும்பத்துக்குப் பட்டா கொடுத்தது. பஸ் நிறுத்தத்தில் தொடங்கித் தண்ணீர்த் தொட்டியில் முடிகிற ஒரே வரிசை. முன்னால் தெரு, பின்னால் மலை. தம்பிக்கு இரண்டாவது மனை, எனக்கு மூன்றாவது. அடுத்தடுத்து விழுந்துவிட்டதே என்று அன்றைக்கு நான் குதித்த குதி எனக்குத்தான் தெரியும். அவனுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. என் அடுப்பில்தான் அவனுக்கும் சோறு.

பிறகு நான் மில் வாங்கினேன். எங்கள் இருவருக்கும் பொதுவான எல்லைக்கல்லை ஒட்டிச் சுவர் எழுப்பினேன். கொத்தனார் அஸ்திவாரம் போட்டதில் கல் சுவருக்கு அடியில் போய்விட்டது. அதில் தப்பு இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை, தம்பியே நின்று சாந்து குழைத்துக் கொடுத்தான். கொஞ்ச காலம் கழித்து அவன் பட்டறையைப் பெரிதாக்கலாம் என்று டேப்பைப் பிடித்து அளந்திருக்கிறான். பட்டாவில் போட்டிருக்கிற முகப்பு அகலத்துக்குத் தரையில் இரண்டு முழம் குறைகிறது. ஒரு பக்கம் முதல் வீட்டுப் பெரியவரின் வேலி, அது அன்றைக்கு நட்ட கல்லோடு அப்படியே நிற்கிறது. இன்னொரு பக்கம் என் சுவர், அங்கே கல்லையே காணோம். அப்புறம் என்ன, நடுத்தெருவில் நின்று, அக்கா கல்லை நகர்த்திச் சுவருக்குள் புதைத்துவிட்டாள், கூடப்பிறந்தவன் இடத்தையே திருடிவிட்டாள் என்று கத்தித் தீர்த்துவிட்டான்.

எனக்கும்தான் பட்டாவில் இருக்கிற அகலம் தரையில் குறைந்தது. நானும் அளந்து பார்த்திருந்தேன். அதை அவனிடம் காட்டியிருக்கலாமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். திருடி என்று சொன்னவனிடம் போய்க் காகிதத்தை நீட்டிக் கெஞ்ச வேண்டுமா? போடா என்று விட்டுவிட்டேன்.

வரிசையில் எங்களைப் போலக் குறைகிறது குறைகிறது என்று முணுமுணுத்தது முதல் வீட்டுப் பெரியவரும்தான். நடு வீட்டு சலூன்காரருக்கு மட்டும் காகிதமும் தரையும் கச்சிதமாகப் பொருந்தியது. அதில் அவருக்கு ஒரு தலைக்கனம். முடி வெட்டும்போதெல்லாம், ஆசைப்படாதவனுக்கு அளவு தப்பாது என்று உபதேசம் செய்வார். கத்தி அவர் கையில் இருப்பதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து மூன்று வீட்டார் மட்டும் இந்தப் பேச்சு எழுந்தாலே வேறு வேலை இருப்பதாக நகர்ந்துவிடுவார்கள். அது ஏன் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

போன மாதம் தம்பி மனு போட்டுவிட்டான். நோட்டீஸ் வந்தது. சர்வேயர் வந்து அளப்பார், ஆக்கிரமிப்பு என்று தெரிந்தால் சுவரை இடித்து அகற்ற வேண்டும். சுவர் போனால் சுவர் மட்டுமா போகும்? அரைக்கிற கல்லும் மோட்டாரும் உட்கார்ந்திருக்கிற கான்கிரீட் மேடை அந்தச் சுவரோடு சேர்த்துப் போட்டது. மேடையைப் பெயர்த்தால் மில் இல்லை. வேறிடத்தில் புதிதாகப் போட எனக்கு வக்கும் இல்லை, வயசும் இல்லை. வீட்டுக்காரரின் டிரைவர் சம்பளம் வாடகையில்லாத வீட்டில் சோறு போடும், அவ்வளவுதான். மகளை நர்ஸ் படிக்க வைத்தது இந்த மில், மகனை இப்போது படிக்க வைப்பதும் இந்த மில். இரண்டு முழத்துக்காக இத்தனையும் போகுமா என்று மேடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அளக்கிற அன்றைக்கு மோட்டாரை நிறுத்திவிட்டேன். சத்தமில்லாத மில் எனக்கே யாரோ வீடு போல இருந்தது. சர்வேயர் ஒரு பெண். நடுவயசு, காலில் பழைய ஷூ, தோளில் பை, முகத்தில் வெயில் பட்டுப் பட்டு வந்த ஒரு கறுப்பு. கூட டேப் பிடிக்க இரண்டு ஆட்கள். வந்ததும் யார் பேச்சையும் கேட்கவில்லை. நான் ஒரு பக்கம் ஆரம்பித்தேன், தம்பி ஒரு பக்கம் ஆரம்பித்தான். அந்தம்மா கையை மட்டும் காட்டி, முதலில் கல் பேசட்டும், அப்புறம் நீங்கள் பேசலாம் என்றது.

சுவரின் கால் மாட்டில் தோண்டச் சொன்னது. கடப்பாரை மண்ணில் இறங்க இறங்க நான் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். நான் எதையும் நகர்த்தவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கொத்தனார் கை பட்டுக் கல் சாய்ந்திருந்தால்? கடைசியில் அஸ்திவாரத்தின் ஓரத்தில் கல்லின் தலை தெரிந்தது. நேராக நின்றது. முதல் வீட்டுக் கல்லில் கயிற்றைக் கட்டி, சலூன்காரர் வீட்டுக் கல் வரைக்கும் இழுத்துப் பார்த்தார்கள். என் கல் கயிற்றைத் தொட்டுக்கொண்டு நின்றது. மலைப்பக்கம் இருக்கிற எங்கள் எல்லைக்கல்லோடும் நேர் பிடித்துப் பார்த்தார்கள். அரசாங்கம் நட்ட இடத்தில் அப்படியே இருக்கிறது என்றது அந்தம்மா.

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் விடுவானா? அப்படியானால் என் பட்டாவில் இருக்கிற அகலம் தரையில் ஏன் குறைகிறது என்று கேட்டான். கேள்வி என்னவோ நியாயமான கேள்விதான். அந்தம்மா என் பட்டாவை வாங்கி என் மனையையும் அளந்தது. அதிலும் குறைந்தது. அப்போதுதான் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அத்தனை வருஷத்தில் முதல் தடவை நேருக்கு நேர். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ரெண்டு மனைக்கு மட்டும் நோய் வராது. மொத்த வரிசையையும் அளக்கணும்" என்றது சர்வேயர் அம்மா.

இதைக் கேட்டதும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு பரபரப்பு. கடைசி வீட்டுக் கோழிக்கடைக்காரர் அவசரமாக வெளியூர் போக வேண்டும் என்று கதவைப் பூட்டினார். அந்தம்மா சிரித்துக்கொண்டே, நீங்கள் போங்கள், கோழிக்கூண்டு இங்கேதானே இருக்கும், அதற்கு முன்னால் அளந்துகொள்கிறோம் என்றதும் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். அளந்தால், அவர் பட்டாவில் இருப்பதைவிடத் தரையில் அகலம் தாராளமாக இருக்கிறது. ஆறாவது வீட்டிலும் அப்படியே. ஐந்தாவது வீட்டு டீச்சருக்கும் அப்படியே. அடப்பாவிகளா, இதனால்தான் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லையா என்று நான் கேட்டதற்குக் கோழிக்கடைக்காரர் சொன்ன பதிலில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"குறையுதுன்னா மனு போடலாம். கூட இருக்குதுன்னு எவனாச்சும் மனு போடுவானா, நீங்களே சொல்லுங்க."

சலூன்காரர் வீட்டில் மட்டும் கச்சிதம். மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

அந்தம்மா மில்லுக்குள் வந்து தானிய மூட்டை மேல் உட்கார்ந்தது. தண்ணீர் கேட்டது. குடித்துவிட்டு, மாவுப் பெட்டி மூடியின் மேல் வரைபடத்தை விரித்தது. ஏழு வீட்டாரும் சுற்றி நின்றோம். தம்பி மட்டும் வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்தம்மா, பட்டா கொடுத்த அன்றைக்கு மனைகளை யார் காட்டினார்கள், எப்படிக் காட்டினார்கள் என்று கேட்டது.

அதை மறக்க முடியுமா? கல்லெல்லாம் முன்னாடியே நட்டிருந்தார்கள். கல்லில் சுண்ணாம்புக்கட்டியால் எண் எழுதியிருந்தார்கள், ஆனால் முந்தின நாள் மழையில் அது கழுவிப் போய்விட்டது. அதிகாரி ஜீப்பில் வந்தார். அன்றைக்கும் மழை. ஜீப்பின் முன்பக்க மூடியில் இதே மாதிரி ஒரு படத்தை விரித்து, ஒண்ணு, ரெண்டு என்று விரலை வைத்துக் காட்டினார். படத்தில் விரல் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் நாங்கள் ஓடினோம். ஒண்ணாம் நம்பர் பஸ் நிறுத்தத்துப் பக்கம் இருந்தது, முதல் வீட்டுப் பெரியவர் அங்கே ஓடினார். அவனவன் தன் மனையில் போய் ஒரு குச்சியை நட்டுக்கொண்டு நின்றோம். வீடு கிடைத்த சந்தோஷத்தில் யார் மறு கேள்வி கேட்டது? இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் அந்தம்மா என்னிடம் ஒன்று கேட்டது.

"அதிகாரி எந்தப் பக்கம் பாத்து நின்னாரு? மனையைப் பாத்தா, தெருவைப் பாத்தா?"

எனக்கு அது நினைவில்லை. நினைவில் இருந்தது வேறொன்று. சாரல் முகத்தில் அடிக்கிறது என்று அவர் திரும்பி நின்றுகொண்டார். போகும்போது சட்டையின் முதுகுப்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது, பாவம் காய்ச்சல் வரப்போகிறது என்று நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அதைத்தான் சொன்னேன்.

"சாரல் எங்கேயிருந்து அடிச்சுது?"

"எப்பவும் போல மலைப்பக்கமிருந்துதான்."

சொல்லும்போதே எனக்குச் சுருக்கென்றது. மலை இருப்பது மனைகளுக்குப் பின்னால். அப்படியென்றால் அவர் மனைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படத்தை விரித்திருக்கிறார். அந்தம்மா வரைபடத்தைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பி வைத்தது. பஸ் நிறுத்தத்துப் பக்கம் இருந்த ஒண்ணாம் நம்பர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டது. எங்கள் பக்கம் மனைகள் குறுகலாகவும் நீளமாகவும், தொட்டிப் பக்கம் அகலமாகவும் குட்டையாகவும், தரையில் இருக்கிறபடியே படத்திலும் இருந்தன. அங்கே மலை முன்னால் தள்ளி வந்திருப்பதால், எல்லோருக்கும் ஒரே பரப்பு கிடைக்க அப்படிப் பிரித்திருக்கிறார்கள். மலைப்பக்கம் முள்ளும் பாறையும் என்று யாரும் நீளத்தை அளக்கவே இல்லை. முகப்பை அளந்து அளந்தே அடித்துக்கொண்டிருந்தோம்.

ஆக, ஒருவனும் ஒருவன் இடத்தை எடுக்கவில்லை. எல்லோரும் வரிசையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். சலூன்காரர், நான் மட்டும் சரியாகத்தானே உட்கார்ந்தேன் என்றார். ஏழில் நடுவில் இருப்பவர் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் நாலாவதுதான், இதில் உங்கள் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை என்றது அந்தம்மா. அன்றோடு அவர் உபதேசம் நின்றது.

எனக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது. அதை முழுசாக விடுவதற்குள் அடுத்த இடி. காகிதத்தின்படி பார்த்தால் என் மில் நிற்பது டீச்சரின் மனையில். டீச்சர் வீடு நிற்பது என் மனையில். தம்பியின் பட்டறை ஆறாவது வீட்டாருக்குச் சொந்தம். இன்று சாயங்காலம் அறிக்கை கொடுத்தாக வேண்டும், இதற்கு இரண்டே வழிதான் இருக்கிறது என்றது அந்தம்மா.

"எல்லாரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா, அவங்கவங்க இருக்கிற இடத்தையே அவங்கவங்க பேருக்கு மாத்தி எழுதச் சொல்லலாம். பரப்பு ஒண்ணுதான், மேல தடை சொல்ல மாட்டாங்க. ஒருத்தர் மாட்டேன்னாலும் பேப்பர்ல இருக்கிறபடிதான் போகும். அப்புறம் யார் எந்த வீட்டுக்குச் சட்டி பானையைத் தூக்கிக்கிட்டுப் போறதுன்னு நீங்க பேசிக்குங்க."

அந்த மில் இருக்கிற இடம் தனக்கு வேண்டவே வேண்டாம், அந்தச் சத்தத்தில் எப்படி நோட்டு திருத்துவது என்று சொல்லிக்கொண்டே டீச்சர் முதலில் பேனாவை வாங்கினார். கோழிக்கடைக்காரரும் ஆறாவது வீட்டாரும் அவரிடமிருந்து பிடுங்காத குறை. பெரியவரும் கையெழுத்துப் போட்டார். சலூன்காரருக்கு மாற்ற ஒன்றும் இல்லை, ஆனாலும் சாட்சிக் கையெழுத்து என்று கேட்டு வாங்கிப் போட்டார். நான் போட்டேன். பேனாவைத் தம்பிக்கு நீட்டலாம் என்று அந்தம்மா நிமிர்ந்தால் வாசலில் ஆள் இல்லை. அவன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

தெருவே அவன் வாசலில் போய் நின்று கூப்பிட்டது. பதில் இல்லை. எனக்கு வந்ததே கோபம். இவ்வளவும் வெளுத்த பிறகும் வீம்பா? இவன் ஒருவன் கையெழுத்தில்லாமல் என் மில் போக வேண்டுமா? வீட்டுக்காரர் என்னைத் தனியாக அழைத்து, நீ போய் ஒரு வார்த்தை சொல்லேன் என்றார். நான் ஏன் போக வேண்டும்? திருடி என்று சொல்லப்பட்டவளும் நான், சமாதானத்துக்குப் போகிறவளும் நானா? மாட்டவே மாட்டேன் என்று அதே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் வெயில் சாய்ந்துகொண்டு வந்தது. அந்தம்மா கடிகாரத்தைப் பார்த்தது.

அப்போது பின்வாசல் வழியாகத் தம்பி பெண்டாட்டி வந்தாள். அவள் என் வீட்டுப் பின்வாசலை மிதித்தும் வருஷங்கள் ஆகியிருந்தன. கண் சிவந்திருந்தது.

"அண்ணி, அவரு கையெழுத்து போட மாட்டேன்னு சொல்லல. தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அக்கா வாசப்படி ஏறுவேன்னு கேக்கறாரு. எனக்குச் சொல்லத் தெரியல."

வீம்பு என்றால் எனக்குப் பதில் தெரியும். வெட்கத்துக்கு என்ன பதில் சொல்வது? பாவி, நீ பேசாமல் வந்து நின்றிருந்தாலே போதுமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் வாய் என் வாயாயிற்றே, அது அப்படியெல்லாம் பேசாது.

"இது மில்லு. வாசப்படி ஏற மூஞ்சி எதுக்கு? தானியம் கொண்டு வந்தா யாரா இருந்தாலும் அரைச்சுக் குடுப்பேன். போய்ச் சொல்லு" என்றேன்.

அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு ஓடினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் டின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. தானியம் கொட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவன் வந்தான். அந்தத் தகர டின்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, தெருவில் நின்றவர்கள் விலகி வழிவிட, என் வாசலுக்கு வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. தினமும் பார்க்கிற தலைதான், இவ்வளவு நரைத்திருப்பதை நான் பார்க்கவில்லை. டின்னைத் தராசின் பக்கத்தில் இறக்கிவிட்டு நேராக மாவுப் பெட்டியிடம் போனான். வெல்டிங் பொறி பட்டுத் தழும்பேறிய விரலால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டான். சர்வேயர் அம்மா காகிதத்தை மடித்துப் பையில் வைத்தது. என் மில் பிழைத்துக்கொண்டது.

அவன் போகவில்லை. என் பக்கமும் திரும்பவில்லை. வாசல்படியில் நின்று தெருவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினான்.

"எங்க அக்கா கல்லை நகர்த்தல. என் இடத்துல ஒரு விரக்கடை கூட எடுக்கல. நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

அன்றைக்கு அவன் கத்தியபோது கேட்ட அதே ஆட்கள்தான் இதையும் கேட்டார்கள். பெரியவர் தலையை ஆட்டினார். கோழிக்கடைக்காரர் மூக்கைச் சிந்தினார். நான் அழுதேன். மறைக்கவெல்லாம் இல்லை, முந்தானையால் துடைத்துக்கொண்டே எல்லோர் முன்னாலும் அழுதேன். என் வீட்டுக்காரர் போய் மோட்டார் சுவிட்சைப் போட்டார். பெல்ட் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு ஓடத் தொடங்கியது. சுவர் லேசாக அதிர்ந்தது. தம்பி அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"சுவரு ஆடுதுக்கா. நாளைக்கு வந்து ரெண்டு இரும்பு ஆங்கிள் முட்டுக் குடுத்து வெல்டு பண்ணித் தரேன்" என்றான். பிறகு டின்னைக் காலால் என் பக்கம் கொஞ்சம் தள்ளினான். "இதைக் கொஞ்சம் நைசா அரைச்சுக் குடு."

காலையிலிருந்து மில் ஓடவில்லை, அவன் டின்னைத் தவிர வேறு டின் அங்கே இல்லை. இருந்தாலும் இத்தனை வருஷத்து மணிச்சத்தத்துக்கு நான் ஒரு பதிலாவது சொல்ல வேண்டாமா?

"வரிசையில நில்லுடா" என்றேன்.

தெருவில் யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு போய், ஒரு ஆளும் இல்லாத அந்த வரிசையில், நான் கூப்பிடுகிற வரைக்கும் நின்றான்.